பலகை பிடிக்கிறவள்

சாயங்காலம் ஐந்து மணி. ஜனவரி மாதம், அதற்குள் கும்மிருட்டு. கிரிவாயா ஆற்றை ஒட்டிப் போகிற ரோட்டில் ஒரு பழைய கோல்ஃப் கார் வருகிறது. பின்னால் டிரெய்லர். டிரெய்லரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ரம்ப மிஷின். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மலை... நடுவில் அந்த ஒரு வண்டியின் வெளிச்சம் மட்டும்.

ஓட்டுகிறவன் பெயர் ரெஃபிக். நம் இஸ்மெத்தின் தங்கை ஸெஹ்ராவைக் கட்டியவன். இஸ்மெத் இன்றைக்குப் பழப்பாகு காய்ச்ச வரவில்லை, அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது. அவன் இருந்தால் பாதியில் எழுந்து போய்விடுவான். பழப்பாகைக் கிளறுகிறவன் கையை நிறுத்தாதே, அடி பிடித்தால் உன்னைத்தான் கேட்பேன். காது மட்டும் இங்கே இருக்கட்டும்.

ரெஃபிக்குக் கோபம். அவனுக்கு எப்போதுமே மூக்குக்கு மேல்தான் கோபம் இருக்கும், அது ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு இருந்தது ஜெயித்தவனின் கோபம். மிஷினை விற்றவனை அவன் வீட்டு வாசலிலேயே நின்று வாய்க்கு வந்தபடி திட்டி, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கி, தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். திட்டியது போதாமல் காருக்குள்ளும் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தான்.

சுரங்கப் பாதை வந்தது. உள்ளே நுழைந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம்... ர்ர்ர்ங்... மெலிதாக. சுற்றி விட்ட இரும்புத் தகடு ஓடி ஓடி நிற்கிற சத்தம். ரெஃபிக் ரம்பத் தகட்டைக் கயிறு போட்டு மேசையோடு இறுக்கிக் கட்டியிருந்தான். காரை நிறுத்திவிட்டு இறங்கினான். சுரங்கத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாயைத் தூக்கினான். கயிறு கட்டியபடியே இருந்தது. தகடு அசையவில்லை. கையை வைத்துப் பார்த்தான்...

சூடு. ஒரு மணி நேரமாகப் பனிக்காற்றில் வந்த இரும்பு, அப்போதுதான் கட்டை அறுத்தது போலச் சுட்டது.

கையை உதறியபோதுதான் அவனுக்கு உறைத்தது. விற்றவன் ஹலால் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் பழைய பொருள் எது வாங்கினாலும், மாடாகட்டும் மண்வெட்டியாகட்டும், வாங்குகிறவன் ‘ஹலால் பண்ணு’ என்று கேட்பான். விற்கிறவன் கையைப் பிடித்து ‘ஹலால், மனசாரக் கொடுத்தேன்’ என்பான். அப்புறம்தான் பொருள் கைமாறியது என்று பேச்சு. பணம் கொடுத்திருக்கலாம், ஆனால் அந்த ஒரு வார்த்தை வராமல் பொருள் உன்னுடையது இல்லை. ரெஃபிக் திட்டுகிற வேகத்தில் கேட்கவே இல்லை. அந்த விற்றவனும், அவன் பெயர் தாஹிர், இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பணத்தை வாங்கிப் போட்ட பிறகு கையை வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பியிருக்கலாம். வண்டியைத் திருப்ப இடமும் இருந்தது. அந்த அயோக்கியனிடம் போய் நான் கையை நீட்டுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு ஓட்டினான்.

இவனுக்கு எதற்கு ரம்ப மிஷின் என்று கேட்பாய். சொல்கிறேன்.

மீசை அரும்பிய வயதிலிருந்து மர மில்லில் வேலை பார்த்தவன். அங்கே மேசை ரம்பத்துக்கு இரண்டு ஆள். முன்பக்கம் நிற்கிறவன் பலகையைத் தள்ளுவான். அவன் மேஸ்திரி. பின்பக்கம் நிற்கிறவன் அறுபட்டு வருகிற பலகையைப் பிடித்து நேராக இழுத்து அடுக்குவான். அவனுக்குப் பெயரே கிடையாது. பலகை கோணினால் மேஸ்திரி திட்டுவது அவனைத்தான். ரம்பம் மழுங்கினாலும் அவனைத்தான். மேஸ்திரிக்கு வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை என்றாலும் அவனைத்தான். எந்த மில்லுக்குப் போனாலும் இதுதான் வழக்கம், நாசமாய்ப் போன வழக்கம். ரெஃபிக் வாலிபம் முழுக்க அந்தப் பின்பக்கத்தில் நின்றான். மரத்தூளும் வசவும் தின்று வளர்ந்தான்.

போன புதுவருஷத்துக்கு முந்தின வாரம் மேஸ்திரி எல்லார் முன்னாலும் அறுத்து மிஞ்சிய ஒரு சிலாம்புக் கட்டையை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தான். உதடு கிழிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ரெஃபிக் கையுறையைக் கழற்றி ஓடுகிற ரம்பத்தின் மேல் வீசிவிட்டு வெளியே நடந்தான். வீட்டுக்கு வந்து ஸெஹ்ராவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்.

“இனி எவனுக்கும் பின்னாடி நிக்க மாட்டேன்.”

இது நல்ல கோபம். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தேனீ வளர்க்கிறவர்கள் சங்கத்தில் பேசி, வசந்தத்துக்குள் பெட்டிகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டான். சொன்னபடி செய்து கொடுத்தால் வருஷா வருஷம் வேலை வரும், அவன் பட்டறை, அவன் ராஜ்யம். கொடுக்காவிட்டால் அதே மில், அதே மேஸ்திரியின் காலில் விழ வேண்டும். எல்லாம் ஒரு ரம்ப மிஷினில் வந்து நின்றது. கையில் இருந்ததோ சொற்பம். புது மிஷினைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

போனில் விளம்பரம் விளம்பரமாகத் தள்ளிப் பார்த்தான். ‘புதுசு போல’ என்று ஒன்று. போய்ப் பார்த்தால் மேசையின் விரிசலில் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான் படுபாவி. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் செதில் செதிலாக வந்தது. இன்னொன்று துணி துவைக்கிற மிஷினின் மோட்டாரைப் பிடுங்கித் தகர மேசையில் மாட்டியது. தகட்டைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, பேரிங் போயே போய்விட்டது. ரெஃபிக் இரண்டு பேரையும் திட்டிவிட்டு வந்தான். ஏழைகள் தலையில் குப்பையைக் கட்டுகிற இந்தக் கூட்டத்தை நானும் இரண்டு வார்த்தை திட்டுவேன், ஆனால் கதை நின்றுவிடும்.

மூன்றாவது தாஹிரின் மிஷின். ஆற்றின் மேல்கோடியில் தனி வீடு. போகும்போதே ரெஃபிக் இதுவும் மோசடிதான் என்று முடிவு பண்ணிவிட்டான். அதனால் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். எத்தனை பேரை ஏமாத்தியிருக்க, பெயின்ட் எங்கெங்க அடிச்சிருக்க என்று. தாஹிர் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

உள்ளே... அடேயப்பா. வார்ப்பிரும்பு மேசை, நல்ல கனம். த்ரீ-ஃபேஸ் மோட்டார். ரெஃபிக் குனிந்து நீளக் கம்பியை மேசையில் குறுக்கே வைத்துப் பார்த்தான், முடி நுழைகிற இடைவெளி இல்லை. தகட்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான், பேரிங் பட்டுப் போல ஓடியது. பலகை அணைந்து போகிற இரும்புப் பட்டை நூல் பிடித்தாற்போல் இருந்தது. ஒரு நாணயத்தை மேசையில் விளிம்பில் நிறுத்திவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னான். தாஹிர் கதவுப் பக்கம் நின்றபடியே கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினான், உள்ளே வரவில்லை. மிஷின் ஓடியது. நாணயம் நின்றது. சோதனைக்கு ஒரு பலகையைத் தள்ளினான் ரெஃபிக். வெண்ணெய் போலப் போனது. தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல், அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலப் போனது.

இவ்வளவு நல்ல மிஷினை எவனாவது இந்த விலைக்குக் கொடுப்பானா? அந்த இடத்தில் ஒரு மனுஷன் யோசிக்க வேண்டாமா? ரெஃபிக் யோசித்தான், ஆனால் தப்பாக யோசித்தான். இவனுக்கு மிஷினின் மதிப்பு தெரியவில்லை, மட்டி, இன்னும் இறக்கலாம் என்று நினைத்தான். இன்னும் கத்தினான். தாஹிர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் தலையை ஆட்டினான். எடுத்துட்டுப் போ, என்றான்.

மறுநாள் காலை பட்டறையில் மிஷினை இறக்கி வயரை இணைத்துச் சுவிட்சைப் போட்டதும் ரம்பம் தலைகீழாகச் சுற்றியது. இது பெரிய விஷயம் இல்லை. த்ரீ-ஃபேஸில் இரண்டு வயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும், எல்லாருக்கும் தெரியும். பல்லின் முதுகு தேய்ந்து மரம் புகைந்தது, தீய்ந்த வாடை. ரெஃபிக் வயரை மாற்றினான். சரியாகச் சுற்றியது. ஸெஹ்ராவைக் கூப்பிட்டான்.

நீளப் பலகை அறுக்க இரண்டு ஆள் வேண்டும். முன்பக்கம் ரெஃபிக். பின்பக்கம் ஜன்னலோரமாக ஸெஹ்ரா, பிடித்து இழுக்க. அவள் அதுவரை ரம்பத்தின் பக்கமே போனதில்லை. முதல் பலகை கொஞ்சம் கோணியது.

பிறகு ரெஃபிக் பேசியதை இங்கே சொல்ல மாட்டேன். பொம்பளைகளும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்... அந்த வசவு அவன் சொந்தமாகச் செய்தது இல்லை. மில் மேஸ்திரி அவனைத் திட்டிய அதே வார்த்தைகள். அச்சுப் பிசகாமல், அதே குரல், அதே இழுப்பு. இத்தனை வருஷமாக வயிற்றில் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் கொட்டினான். முன்னால் வந்து நின்றதும் இவனும் மேஸ்திரி ஆகிவிட்டான். எனக்கு இஸ்மெத் இதைச் சொன்னபோது கை பரபரத்தது. என் தங்கையாக இருந்தால் அன்றைக்கே போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஸெஹ்ரா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “கத்தினா பலகை நேராயிடுமா?” என்றாள்.

அடுத்த பலகை நேராக வந்தது. அதற்கடுத்ததும். நாள் முழுக்க ஒன்றுகூடக் கோணவில்லை. ஆனாலும் அவன் கத்துவதை நிறுத்தவில்லை, அதில் ருசி கண்டுவிட்டான்.

இரண்டாம் நாள் காலை சுவிட்சைப் போட்டால் மறுபடியும் தலைகீழ். ரெஃபிக் வைதுகொண்டே வயர்ப் பெட்டியைத் திறந்தான். வயர்கள் அவன் மாற்றி வைத்தபடியே இருந்தன. பக்கத்து வீட்டு மாவு மிஷினும் அதே லைன்தான், அது ஒழுங்காக ஓடுகிறது. சரி, எங்கோ கோளாறு என்று மறுபடி மாற்றினான். அப்போதுதான் தகட்டைப் பார்த்தான். பற்கள் ஜன்னலைப் பார்த்திருந்தன. யாரோ நட்டைக் கழற்றி, தகட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி இறுக்கியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார். மோட்டாரும் எதிர்த்திசை, பல்லும் எதிர்த்திசை. அப்படியென்றால் மிஷின் கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது... அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு. ஜன்னலோரம் நிற்கிறவர் பலகையைத் தள்ளலாம். இந்தப் பக்கம் நிற்கிறவன் பிடிக்க வேண்டும்.

ரெஃபிக்குக் கண் சிவந்துவிட்டது. நேராக அடுப்படிக்குப் போய் ஸெஹ்ராவைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பழிவாங்குகிறாயா, விளையாடுகிறாயா என்று. அவள் மாவு ஒட்டிய கையை நீட்டிக் காட்டினாள். அந்த நட்டை அவளால் அசைக்கக்கூட முடியாது. ரெஃபிக்கே முழங்கை நீள ஸ்பானர் போட்டுத் தொங்கித்தான் கழற்றினான்.

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக்குப் பூட்டுப் போட்டான். வயர்ப் பெட்டிக்கு இன்னொரு பூட்டு. நட்டின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தான், திருகினால் கோடு விலகும். இரண்டு சாவியும் சட்டைப் பையில். மூன்றாம் நாள் காலை பூட்டுகள் அப்படியே இருந்தன. சிவப்புக் கோடு விலகவில்லை. தகடு ஜன்னலைப் பார்த்திருந்தது.

அன்றைக்குத்தான் ஸெஹ்ரா சொன்னாள்.

“நான் பலகையத் தொடறதே இல்ல, ரெஃபிக். எனக்கு முன்னாடியே யாரோ பிடிச்சு இழுத்துடறாங்க. என் பக்கத்துல நிக்கறாங்க. ஈரக் கம்பளி நாத்தம் அடிக்குது.” தன் புறங்கையைக் காட்டி, “நீ கத்தறப்பல்லாம் என் கை மேல ஒரு கை வந்து விழுது. எனக்குப் பயமா இல்ல. உனக்குத்தான் பயமா இருக்கு,” என்றாள்.

அவன் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு தாஹிர் வீட்டுக்குக் கிளம்பினான்.

தாஹிர் விறகு பிளந்துகொண்டிருந்தான். ரெஃபிக் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே ஆரம்பித்தான். உன் மிஷினை நீயே வைத்துக்கொள், என் பணத்தைக் கொடு, இல்லையென்றால் ஹலாலாவது சொல்லித் தொலை. தாஹிர் கோடாரியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு நிதானமாக நிமிர்ந்தான்.

“தெரிஞ்சுதான் வித்தியா?” என்று கேட்டான் ரெஃபிக்.

“தெரிஞ்சுதான் வித்தேன். உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. மரியாதையாப் பேசினாங்க. அவங்களுக்கு இல்லன்னுட்டேன். நீ வாசல்லயே வந்து கத்தின பாரு... எங்க அப்பா குரல் மாதிரியே இருந்துச்சு. உனக்குத்தான் அதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

பிறகு தாஹிர் சொன்னது இது. அவன் அப்பா ஸல்கோ தொழிலில் கெட்டிக்காரர், பெரிய வாய்க்காரர். அம்மா நூரா. ரம்பத்துக்கு முன்பக்கம் அவர், பின்பக்கம் அம்மா, ஆயுசு முழுக்க. ஒரு பனிக்காலத்தில் அடுக்கு அடுக்காகப் பலகை தள்ளிக்கொண்டிருந்தார் ஸல்கோ. வழக்கம் போலத் திட்டிக்கொண்டே, தலை நிமிராமல். அடுக்கு முடிந்து மோட்டாரை நிறுத்தியபோதுதான் அந்தப் பக்கம் பார்த்தார். நூரா தரையில் கிடந்தாள். உடம்பு விறைத்துப் போயிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலையிலேயே உயிர் போய்விட்டது என்றார். மாரடைப்பு.

“அப்பா சாயங்காலம் வரைக்கும் பலகை தள்ளியிருக்காரு,” என்றான் தாஹிர். “செத்துப்போனவளத் திட்டிக்கிட்டே தள்ளியிருக்காரு. ஆனா அந்தப் பலகை அத்தனையும் நேரா அடுக்கியிருந்துச்சு. ஒண்ணுகூடக் கீழ கிடக்கல.”

அதற்கப்புறம் ஸல்கோ ரம்பத்துக்கு முன்னால் நின்றபோதெல்லாம் அது தலைகீழாகச் சுற்றியது. அவர் சாகிற வரைக்கும் வாயைத் திறந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

ரெஃபிக் வேலிக்கு மேலே கையை நீட்டினான். சரி, நீ ஹலால் சொல்லு, என்றான். தாஹிர் கையை நீட்டவில்லை.

“நான் எப்படிச் சொல்ல முடியும்? அது எங்க அம்மாவோடது. கல்யாணத்துக்குப் போட்ட தங்கக் காச வித்து வாங்கினாங்க. அவங்கதான் மனசாரக் குடுக்கணும். அம்மா செத்தப்புறம் அப்பா கேக்காத நாள் இல்ல. குடுக்கல.”

இந்தத் தாஹிரை என்ன செய்வது, சொல். சொந்த அம்மாவின் கோபத்தை விலை போட்டு விற்றுவிட்டு விறகு பிளக்கிறான். ரெஃபிக் மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஸெஹ்ராவும் இருக்கிறாளே, அவளை நினைத்தானா அவன்?

ரெஃபிக் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும்போதே சத்தம் கேட்டது. ரம்பம் ஓடுகிறது. நன்றாக, ஒரே சுருதியில், தடங்கல் இல்லாமல் அறுக்கிறது. அவன் ஒரு நாளும் அப்படி அறுத்ததில்லை. பட்டறைச் சாவி அவன் பையில் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது.

ஜன்னலோரம் ஸெஹ்ரா. இரண்டு கையாலும் பலகையைத் தள்ளுகிறாள். ரம்பத்தையே தொட்டறியாத ஸெஹ்ரா, விரல்களை மடக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து, வேலை தெரிந்தவள் போலத் தள்ளுகிறாள். பலகை இந்தப் பக்கம் வருகிறது. இந்தப் பக்கம் யாரும் இல்லை. வந்த பலகை காற்றில் ஒரு கணம் நின்று, மெதுவாகத் திரும்பி, அடுக்கின் மேல் போய் உட்கார்கிறது. ஈரக் கம்பளி வாடை மூக்கில் ஏறியது.

ரெஃபிக் மெயின் சுவிட்சை அடித்து அணைத்தான். விளக்கு அணைந்தது. ரம்பம் நிற்கவில்லை. இருட்டில் அது மட்டும் சுற்றுகிறது... ர்ர்ர்ங்...

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. அப்போது அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் யாரோ பிடித்தார்கள். சுட்டது, ஓடி நின்ற இரும்பு சுடுவது போல. முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பழகாத ஆளுக்கு வேலை காட்டுவது போல அவன் கையைத் தூக்கி, வருகிற பலகையின் மேல் வைத்தார்கள். உதட்டை அசைத்து ஹலால் பண்ணு, ஹலால் பண்ணு என்று கேட்டான். குரலே இல்லாமல் கேட்டான். பதில் வரவில்லை. அடுத்த பலகை வந்தது.

“நேராப் பிடி,” என்றாள் ஸெஹ்ரா. குரலை உயர்த்தவில்லை.

இவ்வளவும் ஸெஹ்ரா தன் அண்ணனிடம் சொன்னது. இஸ்மெத் நம்பவில்லை. தேனீப் பெட்டி எல்லாம் சொன்ன நாளில் சங்கத்துக்குப் போய்விட்டது, தரமான வேலை என்று ஊரே பேசியது. அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டையில் தங்கை ஏதோ கற்பனை பண்ணுகிறாள் என்று விட்டுவிட்டான். நாமும் அப்படித்தான் செய்வோம். அடி வாங்குகிற இடத்தில் இருக்கிறவள் பேச்சை எவன் நம்பினான்.

இந்தச் செப்டம்பரில் இஸ்மெத்துக்கு மனசு கேட்காமல் ஒரு மூட்டை வால்நட்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். பட்டப்பகல், நல்ல வெயில். பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தான். கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ரெஃபிக் பலகை பிடித்து அடுக்குகிறான். பாதியாக இளைத்திருந்தான். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டாற்போலத் தீய்ந்த தழும்பு.

இஸ்மெத்துக்கும் வாய் கொஞ்சம் பெரிது. என்னய்யா, வயரை மாத்திப் போட்டு வச்சிருக்க, பத்து நிமிஷ வேலை, நான் சரி பண்றேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே கால் வைத்தான். ரெஃபிக் திரும்பவில்லை. பலகையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“சத்தமாப் பேசாதீங்க, மச்சான்,” என்றான். காதோடு சொல்வது போல. “புண்ணியமாப் போகும்.”

இஸ்மெத் அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தான். தங்கை நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தான். ஜன்னலோரம் யாரும் இல்லை. வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அங்கே அடுக்கிலிருந்து ஒரு பலகை எழும்பியது. மேசையில் படுத்தது. இரும்புப் பட்டையோடு அணைந்து, நேராக, நிதானமாக ரம்பத்துக்குள் நுழைந்து வந்தது. ரெஃபிக் பிடித்து இழுத்து அடுக்கினான். அடுத்தது எழும்பியது.

இஸ்மெத் முதுகைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். எப்படி வீட்டுக்குள் போனான் என்று அவனுக்கே தெரியாது. ஸெஹ்ரா அடுப்படியில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“விடியறதுக்கு முன்னாடிலேருந்து நிக்கறான்,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “நேத்தும் அப்படித்தான். போதும்னு எனக்கே தோணிடுச்சுண்ணே. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். ஒரு வாய் காபி குடிக்க விடச் சொல்லு.”

“யாருகிட்ட?”

“நான் கேட்டா நூராவுக்குக் கோபம் ஜாஸ்தியாகுது. உனக்கென்னடி இரக்கம்னு நினைக்கறா போல. நீ வெளியாள். போய் வாசல்ல நின்னு மெதுவாக் கேளு. சம்மதம்னா ரம்பம் நிக்கும்.”

இஸ்மெத் போனான். தங்கைக்காகப் போனான். பட்டறை வாசலில் நின்றான். உள்ளே ரெஃபிக்கின் தோள் மட்டும் அவன் பக்கம் லேசாகத் திரும்பியது, கேட்கப் போகிறான் என்று தெரிந்து. இஸ்மெத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், பெரிய மனுஷியிடம் பேசுவது போல மரியாதையாகக் கேட்டான். அவன் கேட்டது பட்டறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

ரம்பம் நிற்கவில்லை.